திண்ணையா, உள்ளறையா: சேர்ந்து இசை செய்கிறவர்கள் கேட்கும் கேள்விகள்

மொரீஷியஸில் சிலர், ரீயூனியனில் சிலர், டர்பனில் சிலர் என்று கடல் பிரித்து வைத்திருக்கும் தமிழர்கள் நாங்கள். ஒருவர் பாட, ஒருவர் தாளம் சேர்க்க, வேறொருவர் வயலின் வாசிக்க, இணையத்தின் வழியே பாடல்கள் செய்து வருகிறோம். ஒவ்வொரு பாடலுக்கும் ஒரு கோப்புறை உண்டு. அதை எல்லோருக்கும் திறந்து வைப்பதா, அழைத்தவர்களுக்கு மட்டும் வைப்பதா என்பதுதான் புதிதாக வருகிறவர்கள் அதிகம் கேட்பது. பழையவர்கள் அதிகம் சண்டையிட்டதும் அதைப் பற்றித்தான். மொரீஷியஸின் ரோஸ் ஹில்லில் இருந்து இந்தக் கோப்புறைகளைக் கவனித்துக்கொள்கிறேன். திரும்பத் திரும்பக் கடிதத்தில் எழுதிய பதில்களை இங்கே ஓரிடத்தில் வைக்கிறேன்.

திறந்த பணி, தனிப் பணி என்கிறீர்களே, என்ன வேறுபாடு?

திறந்த பணியைத் திண்ணை என்றும் தனிப் பணியை உள்ளறை என்றும் எங்களுக்குள் சொல்லிக்கொள்கிறோம். திண்ணையில் இருக்கும் பாடலை யாரும் கேட்கலாம், அதன் தடங்களை இறக்கிக்கொள்ளலாம், தன் தடத்தைச் சேர்த்து அனுப்பலாம். தடம் என்பது ஒரு குரலோ ஒரு கருவியோ மட்டும் தனியாகப் பதிவான கோப்பு. உள்ளறையில், பாடலைத் தொடங்கியவர் பெயர் சொல்லி அழைத்தவர்கள் மட்டுமே இருப்பார்கள். வேலை முடியும்வரை வெளியே ஒரு வரிகூடக் கேட்காது.

திறந்து வைப்பது பெருந்தன்மை, மூடி வைப்பது கஞ்சத்தனம் என்று சிலர் பேசுவதை நான் ஏற்கவில்லை. வீட்டுக்கு இரண்டும் வேண்டும்.

எந்தப் பாட்டை எங்கே வைப்பது?

பாட்டு யாரிடமிருந்து வந்தது என்று முதலில் பாருங்கள். யார் வாசிக்கப் போகிறார்கள் என்பதை அப்புறம் யோசிக்கலாம்.

தைப்பூசக் காவடிக்கும் தீமிதிக்கும் தலைமுறை தலைமுறையாகப் பாடி, யார் கட்டியது என்றே தெரியாமல் ஊர்ப் பொதுவாகிவிட்ட பாட்டு திண்ணைக்கு உரியது. அதை ஒருவர் உள்ளறையில் பூட்டுவது எனக்குப் பிடிப்பதில்லை. ஒரே காவடிச்சிந்துப் பாட்டை டர்பனில் ஒரு விதமாகவும் ரீயூனியனில் வேறு விதமாகவும் பாடுகிறார்கள். அந்த வேறுபாடுகள் ஒன்றையொன்று கேட்பதற்குத் திண்ணையை விட்டால் வேறு இடம் இல்லை.

நீங்களே இயற்றிய, சரணம் இன்னும் முடியாத பாட்டு உள்ளறைக்கு. அரைகுறைப் பாட்டைப் பத்துப் பேர் நடுவே வைத்தால் பத்துப் பேரும் அவரவர் சரணத்தை எழுதிவிடுவார்கள். கெட்ட எண்ணத்தால் அல்ல, ஆர்வத்தால். மெட்டு உறுதியான பிறகு நீங்களே அதைத் திண்ணைக்குக் கொண்டுவரலாம்.

மூன்றாவது வகை வீட்டுப் பெரியவர்களின் குரல். இங்கேதான் நான் பிடிவாதமாக இருக்கிறேன். மொரீஷியஸில் நம் வீடுகளில் பேச்சு கிரியோலில் நடக்கிறது. தமிழைக் கோயிலிலும் பள்ளியிலும் தேடிப் போய்ப் பெறுகிறோம். ஒப்பந்தக் கூலிகளாக 1834க்குப் பிறகு கப்பலேறி வந்தவர்களின் தாலாட்டும் ஒப்பாரியும் ஒரு பாட்டியின் நினைவில் இன்னும் இருந்தால், அவருக்கு மனப்பாடமாகத் தெரிந்த தமிழ் அது ஒன்றாகவே இருக்கக்கூடும். அதை உள்ளறையில் வைத்துத் தொடங்குங்கள். குடும்பத்தோடு உட்கார்ந்து பேசிய பிறகு, அவர்கள் சொன்னால் திறக்கலாம். ஒப்பாரியைத் திறக்க நான் இதுவரை யாரையும் கேட்டதில்லை.

கோயிலில் பாடும் பாட்டு எல்லோருக்கும் பொதுதானே?

எப்போதும் அல்ல. ஒரு பாட்டில் சொல், மெட்டு, பதிவு என்று மூன்று உடைமைகள் இருக்கின்றன. திருப்புகழ் பாடிய அருணகிரிநாதர் 15ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவர். காவடிச்சிந்து பாடிய அண்ணாமலை ரெட்டியார் 1891இல் மறைந்தார். அவர்கள் சொல்லுக்கு இன்று யாரும் உரிமை கோர முடியாது. ஆனால் அந்தச் சொல்லுக்கு 1960களில் ஒருவர் புதிதாக மெட்டுப் போட்டிருந்தால் மெட்டு அவருடையது. அதைப் பாடிப் பதிந்த ஒலிநாடா இன்னொருவருடையது. நாம் சிறுவயதிலிருந்து கேட்டதாலேயே அது நம்முடையதாகிவிடாது.

இயற்றியவர் மறைந்த பிறகு எத்தனை ஆண்டு உரிமை நீடிக்கும் என்பது நாட்டுக்கு நாடு மாறுகிறது. இந்தியாவில் 60 ஆண்டு, தென்னாப்பிரிக்காவில் 50, பிரான்சில் 70. ரீயூனியன் பிரான்சின் பகுதி என்பதால் அங்கும் 70தான். நம் பாடல் எல்லாக் கரைகளிலும் ஒலிக்கப் போவதால் 70 என்றே கணக்கு வையுங்கள்.

சினிமா மெட்டில் அமைந்த பக்திப் பாடல்களைப் பற்றித் தனியாகச் சொல்லியாக வேண்டும். அவை நம் பஜனைகளில் நிறைய உண்டு, மக்கள் விரும்பிப் பாடுகிறார்கள், நானும் பாடியிருக்கிறேன். அவற்றைத் திண்ணையில் வைக்காதீர்கள். சொல் உங்களுடையது என்றாலும் மெட்டு வேறொருவருடையது. உங்களுக்குச் சொந்தமில்லாத மெட்டை மற்றவர்களுக்கு 'எடுத்துக்கொள்ளுங்கள்' என்று கொடுக்க முடியாது.

செகா தாளத்தோடு சிந்து சேர்க்க ஆசை. திண்ணையில் செய்யலாமா?

இந்தக் கேள்விக்காகவே நான் காத்திருப்பது போல் தோன்றுகிறது. சிந்துப் பாடல்களில் பல திஸ்ர நடையில் போகின்றன. மொரீஷியஸின் செகாவும் ரீயூனியனின் மலோயாவும் ஆறாறாக எண்ணும் தாளத்தில் நடக்கின்றன. மும்மூன்றாக அடி வைக்கும் இந்த இரண்டு நடைகளும் ஒன்றின்மேல் ஒன்று எளிதில் உட்காரும். ரீயூனியனின் கயாம் கருவியைக் கரும்புப் பூத்தண்டில்தான் செய்கிறார்கள். கரும்பு வெட்டியவர்களின் பேரப்பிள்ளைகள் காவடிச்சிந்துக்கு அதை ஆட்டுவதைக் கேட்கும்போது எனக்குத் தொண்டை அடைக்கும்.

ஆனால் ஒரு சிக்கல் உண்டு, அது தொழில்நுட்பச் சிக்கல் மட்டும் அல்ல. திண்ணையில் முன்பின் தெரியாதவர்கள் வேறு வேறு நாளில் தங்கள் தடத்தைச் சேர்ப்பார்கள். அவர்கள் பிடித்துக்கொள்ள ஏதாவது வேண்டும். அதனால் திண்ணைப் பாடல்களுக்கு ஒரே வேகத்தில் தட்டும் மெட்ரோனோம் தடம் கட்டாயம். செகாவின் ஆட்டுத்தோல் மேளமான ரவானை வாசிப்பவரை அந்தத் தட்டலுக்குள் அடைத்தால் செகா செத்துவிடும். மூன்று அடிகளும் சம இடைவெளியில் விழுவதில்லை. ஒன்று சற்றுத் தள்ளி விழும், பாட்டு சூடேறும்போது வேகமும் கொஞ்சம் கூடும். அந்தச் சாய்வில்தான் ஆட்டம் இருக்கிறது.

ஆகவே என் யோசனை: இப்படிப்பட்ட பாடலை உள்ளறையில் தொடங்குங்கள். ரவான் வாசிப்பவரும் பாடுகிறவரும் முடிந்தால் ஒரே அறையில் உட்கார்ந்து, மெட்ரோனோம் இல்லாமல், தாளத்தையும் குரலையும் முதலில் பதியட்டும். (ஆட்டுத்தோலை நெருப்பில் காய்ச்சி விறைப்பாக்கிய உடனே பதிந்துவிடுங்கள். கோடை ஈரத்தில் தோல் விரைவில் தளரும். மிருதங்கக்காரர்களுக்கும் இந்தத் தொல்லை தெரியும்.) பிறகு ஒருவர் பொறுமையாக உட்கார்ந்து, அந்த வாசிப்பின் ஒவ்வோர் அடியும் எங்கே விழுகிறது என்று கணினியில் குறித்து, அதைப் பின்பற்றும் வழிகாட்டித் தடம் ஒன்றைச் செய்யட்டும். அந்தத் தடத்தோடு பாடலைத் திண்ணைக்குக் கொண்டுவாருங்கள். இப்போது டர்பனில் இருந்து வயலின் சேர்ப்பவர் ரவானைப் பின்தொடர்வார். முன்பு நாங்கள் இதைத் தலைகீழாகச் செய்து மூன்று பாடல்களைக் கெடுத்தோம்.

சுருதியை எப்படிக் குறிப்பது? ஒருவர் கட்டை என்கிறார், ஒருவர் கிட்டார் சுருதி என்கிறார்.

இரண்டையும் எழுதுங்கள். 1 கட்டை என்பது மேற்கத்திய முறையில் சி, 2 கட்டை டி, 4 கட்டை எஃப், 5 கட்டை ஜி, 6 கட்டை ஏ. உள்ளறையில் நாலு பேர் பேசித் தீர்த்துக்கொள்ளலாம். திண்ணையில் எழுதாவிட்டால் வருகிறவர் தனக்கு வசதியான சுருதியில் வாசித்து அனுப்புவார், அந்த உழைப்பு வீணாகும்.

திண்ணைப் பாடலுக்கு எந்த உரிமம்?

கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமங்களைத்தான் பயன்படுத்துகிறோம். 2002 முதல் இருப்பவை, நாடுதோறும் செல்லுபடியாகும் நோக்கில் எழுதப்பட்டவை. அவற்றில் நான்கு நிபந்தனைகள் வெவ்வேறு சேர்க்கையாக வரும்: பெயர் குறிப்பிட வேண்டும், மாற்றியதையும் அதே நிபந்தனையில் பகிர வேண்டும், வணிகத்துக்குப் பயன்படுத்தக் கூடாது, மாற்றக் கூடாது. கடைசி நிபந்தனையைத் திண்ணைப் பாடலில் போடுவது பொருந்தாது. தடம் சேர்ப்பதே மாற்றம்தான். பாட்டை ஒரு காணொளிக்குப் பின்னணியாக ஒட்டுவதும் இந்த உரிமங்களின் கணக்கில் மாற்றமே.

நான் பரிந்துரைப்பது பெயர் குறிப்பிடல், வணிகமற்ற பயன்பாடு, அதேபோல் பகிர்தல் மூன்றும் சேர்ந்தது. வணிகத் தடை இருந்தால் பாட்டு தூரம் போகாது என்று எங்கள் கூட்டத்திலேயே சிலர் வாதிடுகிறார்கள். அவர்கள் சொல்வதில் நியாயம் உண்டு, சொந்தப் பாட்டுக்கு அவர்கள் அப்படியே செய்துகொள்ளட்டும். பெரியவர்களிடமிருந்து வாங்கிய பாட்டுக்கு நான் சம்மதிக்க மாட்டேன். ஏன் என்பது அடுத்த பதிலில்.

திறந்த பிறகு மனம் மாறினால் மூடிவிடலாமா?

புதிய தடங்கள் வருவதை நிறுத்தலாம். கோப்புறையை நீக்கலாம். ஏற்கெனவே இறக்கிக்கொண்டவரிடமிருந்து திரும்ப வாங்க முடியாது. கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தைக் கொடுத்தபின், நிபந்தனையை மீறாதவரிடமிருந்து பறிக்க இயலாது. வாயிலிருந்து போன சொல் போலத்தான்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மூதாட்டியின் தாலாட்டைத் திண்ணையில் வைத்தேன். அவரிடம் கேட்டேன், தலையசைத்தார். யார் யார் கேட்பார்கள், என்ன செய்வார்கள் என்று நான் விளக்கவில்லை. பெயர் குறிப்பிட்டால் போதும் என்ற உரிமத்தை மட்டும் போட்டிருந்தேன். சில மாதங்கள் கழித்து ஒரு கடை விளம்பரத்தில் அந்தக் குரல் வேகம் கூட்டி ஒலித்தது. எங்கும் அவர் பெயர் இல்லை. பேரன் கைபேசியில் அதைக் காட்ட, கேட்டுவிட்டு, "இது என் தம்பியைத் தூங்க வைக்கப் பாடினது" என்று மட்டும் சொன்னார். பெயர் போடாதது மீறல், அதைச் சொல்லிக் கடிதம் எழுதினோம், விளம்பரத்தை எடுத்தார்கள். விளம்பரத்தில் பயன்படுத்தியதே தவறு என்று சொல்ல எங்களுக்கு இடமில்லை. வணிகத்துக்குக் கூடாது என்ற நிபந்தனையை நான் சேர்த்திருக்கவில்லை. பிழை என்னுடையது. அன்றுமுதல் பெரியவர்களின் குரல் உள்ளறையில்தான் தொடங்குகிறது.

உள்ளறையிலிருந்து திண்ணைக்கு வருவது எளிது. தடம் கொடுத்த ஒவ்வொருவரும் எழுத்தில் சம்மதிக்க வேண்டும், அவ்வளவுதான். ஒருவர் மறுத்தால் அவர் தடத்தை எடுத்துவிட்டு வேறு ஒருவரைக் கொண்டு நிரப்புங்கள். நச்சரிக்காதீர்கள்.

நான் இசை உரிமைச் சங்கத்தில் உறுப்பினர். சேரலாமா?

சேரலாம், ஆனால் முதலில் உங்கள் ஒப்பந்தத்தைப் படியுங்கள். மொரீஷியஸில் மாசா, ரீயூனியனில் சாசெம், தென்னாப்பிரிக்காவில் சாம்ரோ போன்ற சங்கங்கள் உறுப்பினர்களின் படைப்புரிமையைத் தாங்கள் நிர்வகிக்கின்றன. எந்த உரிமையை அவர்களிடம் ஒப்படைத்தீர்களோ அதைத் திண்ணையில் மறுபடியும் கொடுக்க உங்களால் முடியாமல் போகலாம். சங்கத்தைக் கேட்டு எழுத்தில் பதில் வாங்குங்கள். அதுவரை உள்ளறையே பாதுகாப்பு.

எல்லோரும் ஒரே நேரத்தில், நேரலையாக வாசிக்க முடியாதா?

ஆசைதான். தென்னாப்பிரிக்காவில் கிளம்பி, ரீயூனியன், மொரீஷியஸ், கொச்சி கரைகளைத் தொட்டுப் பினாங்குவரை போகும் சேஃப் கடலடி வடம் 2002 முதல் வேலை செய்கிறது. நம் முன்னோர்களின் கப்பல்கள் வந்த கடலின் அடியிலேயே அது கிடக்கிறது என்று நினைக்கும்போது மனம் நெகிழ்கிறது. ஆனால் கண்ணாடி இழையில் ஒளிக்கு 1,000 கிலோமீட்டர் கடக்க ஏறக்குறைய 5 மில்லி விநாடி ஆகும். டர்பனுக்கும் இங்கும் நேர்கோட்டிலேயே 2,800 கிலோமீட்டருக்கு மேல். அதோடு கணினியும் ஒலி அட்டையும் வீட்டு இணைப்பும் எடுத்துக்கொள்ளும் நேரம் சேர்கிறது. ஒருவர் அடிப்பது மற்றவர் காதில் 25, 30 மில்லி விநாடிக்கு மேல் தாமதமாக விழுந்தால் தாளம் இழுபடத் தொடங்கும். பேசிக்கொள்ள அந்த இணைப்பு போதும், சேர்ந்து வாசிக்கப் போதாது. தடம் மேல் தடமாக அடுக்குவதே நம் வழி.

பேசுவதற்கு நேரம் குறிக்கும்போது, டர்பன் நமக்கு 2 மணி நேரம் பின்னால், சென்னை ஒன்றரை மணி நேரம் முன்னால். ரீயூனியன் நம்மோடு ஒன்றாக இருக்கிறது. சூறாவளி எச்சரிக்கை வந்தால் கூட்டம் தானாகவே ஒத்திவைக்கப்படும்.

கோப்பை எப்படி அனுப்புவது?

வேவ் வடிவம், 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், ஒற்றைத் தடம் (மோனோ). நிமிடத்துக்கு 8.6 மெகாபைட் ஆகும், ஐந்து நிமிடப் பாட்டுக்குச் சுமார் 43. எம்பி3 ஆக அனுப்பாதீர்கள். அதன் தொடக்கத்தில் சிறு வெற்றிடம் சேர்ந்துவிடுவதால் தடங்கள் ஒன்றோடொன்று சரியாக உட்காராது. பாட்டின் நடுவே வாசிப்பவரும் தொடக்கத்திலிருந்தே மௌனத்தோடு சேர்த்துப் பதிந்து அனுப்புங்கள்.

என் தடத்தைச் சேர்க்கவில்லை. திண்ணை என்றால் எல்லோருக்கும் இடம் இல்லையா?

அனுப்ப எல்லோருக்கும் இடம் உண்டு. எது பாட்டில் நிற்கும் என்பதைப் பாடலைத் தொடங்கியவர் முடிவு செய்வார். ஒரு பாட்டுக்கு ஒன்பது வயலின் வந்தால் எட்டு வெளியே நிற்கத்தான் வேண்டும். ஆனால் காரணம் சொல்லாமல் ஒதுக்குவது எங்கள் வழக்கம் அல்ல. வயலினை ராத்திரியெல்லாம் வாசித்து அனுப்பியவருக்கு இரண்டு வரி எழுத ஐந்து நிமிடம் ஆகாது.

வருத்தம் தீரவில்லை என்றால் திண்ணை இன்னொரு வழி தருகிறது. அதே தடங்களை எடுத்து உங்கள் கிளையை நீங்களே தொடங்கலாம், மூலத்தைக் குறிப்பிட்டால் போதும். எங்கள் மிக நல்ல பாடல்களில் ஒன்று கோபத்தில் தொடங்கிய கிளை.

உள்ளறையில் பாடல் எவ்வளவு நாள் இருக்கலாம்?

ஆறு மாதம். அதற்குப் பிறகு நான் கடிதம் எழுதுவேன். உள்ளறையின் பெரிய நோய் திருட்டு அல்ல, மறதி. திண்ணையில் யாராவது "என்ன ஆயிற்று அந்தப் பாட்டு?" என்று கேட்பார்கள். உள்ளறையில் நாலு பேரும் மற்ற மூவர் பார்த்துக்கொள்வார்கள் என்று இருந்துவிடுவார்கள். தைப்பூசத்துக்கு என்று தொடங்கிய பாட்டு அடுத்த தைப்பூசத்தையும் தாண்டிப் போனதைப் பார்த்திருக்கிறேன்.

பிள்ளைகள் பாடலாமா?

18 வயதுக்குக் கீழ் என்றால் உள்ளறை மட்டும், பெற்றோரில் ஒருவரும் அந்த அறையில் இருக்க வேண்டும். இதில் விதிவிலக்கு இல்லை.

கோயிலில் சாமி வந்து ஆடும்போது பதிந்ததைச் சேர்க்கலாமா?

உடுக்கையும் மேளமும் சேர்க்கலாம், வாசித்தவர்களும் கோயிலாரும் சம்மதித்தால். அருள்வாக்கு வேண்டாம். அது கேட்டவருக்குச் சொன்னது. திண்ணையிலும் வேண்டாம், உள்ளறையிலும் வேண்டாம்.

சொற்களை எந்த எழுத்தில் எழுதுவது?

தமிழ் எழுத்தில் கட்டாயம், அதன் கீழே ரோமன் எழுத்திலும். ரீயூனியனில் பலர் பிரெஞ்சு ஒலிப்பு முறையில் தமிழை எழுதிப் படிக்கிறார்கள். டர்பனில் ஆங்கில முறை. ஒரே 'ஊ' இரண்டு கரைகளிலும் வேறு வேறு விதமாக எழுதப்படுகிறது. ஒருவர் எழுதியதை மற்றவர் படித்துப் பாடும்போது ழகரமும் போய், பொருளும் போகிறது. தமிழ் எழுத்து மேலே இருந்தால் யாராவது திருத்துவார்கள். இந்த வேலைக்குத் திண்ணையே சிறந்தது, தப்பைப் பார்க்கக் கண்கள் நிறைய இருக்கின்றன.

பணம் வந்தால்?

உள்ளறையில் முதல் தடம் பதியும் முன்பே பங்குத் தாள் எழுதுங்கள்: சொல்லுக்கு எவ்வளவு, மெட்டுக்கு எவ்வளவு, வாசித்தவர்களுக்கு எவ்வளவு. எல்லோரும் கையெழுத்திடுங்கள். அண்ணன் தம்பி என்றாலும் எழுதுங்கள்.

தடம் கொடுத்தவர் இறந்துவிட்டால்?

திண்ணையில் கொடுத்தது அவர் வாழ்நாளிலேயே எல்லோருக்கும் கொடுத்தது. அது அப்படியே நிற்கும், பெயருக்குப் பின்னால் ஆண்டுகளைச் சேர்ப்போம். உள்ளறையில் இருப்பது குடும்பத்துக்குப் போகிறது. அவர்கள் சொல்லும்வரை யாரும் அதைத் தொடுவதில்லை, நல்ல எண்ணத்தோடும் தொடுவதில்லை.

டர்பனில் இருந்து எங்களோடு பாடிவந்த ஒரு பெரியவர் ஒரு சிந்தின் பல்லவியை மட்டும் பதிந்து அனுப்பிய நிலையில் காலமானார். மூச்சு வாங்குவதுகூடக் கேட்கும். ரவான் தயாராக இருக்கிறது, வயலினும் தயார். அவர் மகளுக்கு எழுதினேன். அப்பாவின் குரலைக் கேட்கும் தைரியம் இன்னும் வரவில்லை, வரும் ஆடி மாதம் சொல்கிறேன் என்று பதில் எழுதினார். அந்தக் கோப்புறைக்கு ஆறு மாதக் கணக்கு இல்லை.